மூக்கடைப்பு: சொட்டு மருந்து இல்லாமல் தூக்கமே இல்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகுமா?

பனியன்_ஊர்:
வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். வயது 38. போன மார்கழியில் ஒரு சளி பிடித்தது. சளி பத்து நாளில் போய்விட்டது, அடைப்பு மட்டும் குடிவந்துவிட்டது. இடப்பக்கம் படுத்தால் இடது மூக்கு அடைக்கும், வலப்பக்கம் திரும்பினால் வலது. காலையில் வரிசையாகப் பத்துத் தும்மல். குனிந்து ஷூ லேஸ் கட்டினால் கன்னத்தில் பாரம் இறங்குகிறது. போன வாரம் அடுப்பில் பால் தீய்ந்ததுகூடத் தெரியாமல் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.

நொச்சி இலை போட்டு வேது பிடித்தேன், மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை பிடித்தேன், நீர்க்கோவை மாத்திரையைக் குழைத்து நெற்றியில் பற்றுப் போட்டேன். எல்லாமே அரை மணி நேரம்தான். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து ஒன்றுதான் கேட்கிறது. இரண்டு சொட்டு விட்டால் கதவு திறந்த மாதிரி இருக்கும். முதலில் ராத்திரிக்கு மட்டும் விட்டேன். இப்போது நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம்.

ஸ்கேனில் மூக்குத் தண்டு லேசாக வளைந்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கொங்கு_அம்மிணி:
முதலில் ராத்திரித் தயிரை நிறுத்துங்கள், தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு ஃபேன் கீழே உட்காராதீர்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இதுதான் வைத்தியம்.

நாமக்கல்_லாரி:
தம்பி, ஆபரேஷன் கதை அப்புறம். அந்தச் சொட்டு மருந்துப் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். சைலோமெட்டசோலின் அல்லது ஆக்சிமெட்டசோலின் என்று போட்டிருந்தால், உங்கள் மூக்கை இப்போது அடைப்பதே அந்த மருந்தாக இருக்கலாம்.

நான் மூன்று வருடம் அதற்கு அடிமையாக இருந்தவன். சட்டைப் பையில் ஒன்று, லாரி டேஷ்போர்டில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று. ஒரு தடவை கிருஷ்ணகிரி தாண்டி ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டில் தீர்ந்துபோனது. வாயைத் திறந்துகொண்டே வண்டியை ஓட்டி, ஒவ்வொரு ஊரிலும் மெடிக்கல் ஷாப் ஷட்டரைத் தட்டிக்கொண்டு போனேன். சாராயக் கடை தேடுகிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

விஷயம் இதுதான். மூக்குக்குள் இருக்கும் சதை மடிப்புகளில் ரத்தக் குழாய்கள் நிறைய. இந்த மருந்து அவற்றைச் சுருக்கும், அதனால்தான் உடனே காற்று போகிறது. மருந்தின் வேகம் இறங்கியதும் அவை முன்னைவிட வீங்கும். அதற்கு மறுபடி சொட்டு. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் விடக்கூடாது. மருந்துச் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது, யார் படித்தோம்?

எனக்கு டாக்டர் ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரே எழுதித் தந்தார். இது வேறு ஜாதி. அடித்த உடனே ஒன்றும் தெரியாது, இரண்டு வாரமாவது விடாமல் அடிக்க வேண்டும். நான் நாலாம் நாளே தூக்கிப் போடப் போனேன். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடிக்கச் சொன்னார். அப்போதுதான் மருந்து நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாகப் போகும். தண்டிலேயே அடித்தால் ரத்தம் வரும், எனக்கு வந்தது.

சொட்டு மருந்தை இரண்டு மூக்கிலும் ஒரேயடியாக நிறுத்தாதே என்றார். முதலில் வலது மூக்குக்கு மட்டும் பட்டினி. இடது திறந்திருப்பதால் மூச்சு முட்டாது. முதல் நாலு ராத்திரி நரகம், இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்த மாதிரியே தூங்கினேன். பத்துப் பன்னிரண்டு நாளில் வலது தானாகத் திறந்தது. அதன் பிறகு இடது. எனக்கும் தண்டு வளைவு உண்டு, இன்றைக்கும் உண்டு. கத்தி படவில்லை.

ஒன்று கேட்கிறேன். டாக்டரிடம் சொட்டு மருந்து விடுவதைச் சொன்னீர்களா?

பனியன்_ஊர்:
அண்ணா, அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாட்டிலைப் பார்த்தேன். சைலோமெட்டசோலின்தான்.

கோழிக்கோட்டுத்_தமிழன்:
ஸ்பிரேக்கு முன்னால் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினால் மருந்து நன்றாகப் பிடிக்கும். ஒரு டம்ளர், அதாவது 240 மில்லிக்கு, கால் ஸ்பூன் அயோடின் சேராத உப்பு, ஒரு சிட்டிகை சோடா உப்பு. சிங்க் மேல் குனிந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் எடுக்கவேண்டும். ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் விடவேண்டும். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் அப்படியே விடாதீர்கள். 2024-இல் இங்கே கேரளாவில் குளத்தில் குளித்த பிள்ளைகள் அமீபா மூளைத் தொற்றில் இறந்தார்கள். அந்த அமீபா போவது மூக்கு வழியாகத்தான். குடித்தால் ஒன்றும் செய்யாத தண்ணீர் மூக்கில் போனால் ஆளையே முடித்துவிடும்.

அப்புறம், ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் மேல் கடைவாய்ப் பல்லையும் காட்டுங்கள். என் அண்ணிக்கு ஆறு மாத சைனஸ் ஒரு சொத்தைப் பல்லால் வந்தது. கண்ணைச் சுற்றி வீங்கினாலோ பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பனியன்_ஊர்:
ஐந்து வாரம் ஆகிறது. வேறொரு டாக்டரிடம் பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டினேன், ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். வலது மூக்கு பதினோராம் நாள் திறந்தது, இடது இன்னும் அரைகுறை. செக்‌ஷனில் பஞ்சுத் தூசிக்கு மாஸ்க் போடுகிறேன், கூட வேலை செய்யும் பெண்கள் சிரிக்கிறார்கள். பழைய இலவம் பஞ்சுத் தலையணை மொட்டை மாடிக்குப் போய்விட்டது. அம்மிணி அக்கா, தயிரை நிறுத்திப் பார்த்தேன், எனக்கு ஒரு மாற்றமும் இல்லை, மறுபடி சாப்பிடுகிறேன். ஆபரேஷனை மூன்று மாதம் கழித்துப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.

நேற்றுக் காலை பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தது தெரிந்தது.