டயரா, இடமா? பைபாஸ் பஞ்சர் கடையில் நாங்கள் பார்த்த பந்தயங்கள்

வரும் ஞாயிறு, 2025 மே 25, மாலை ஆறரை மணிக்கு மொனாக்கோவில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம். யார் ஜெயிப்பார் என்று எங்கள் கூட்டத்தில் நான்கு நாளாக வாக்குவாதம். ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால், எனக்கு நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். பந்தயத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது கிருஷ்ணகிரி பைபாஸில் இருக்கும் ஒரு பஞ்சர் கடையில்தான்.

2021 டிசம்பர் 11, சனிக்கிழமை. ஓசூரில் பகல் ஷிப்ட் முடித்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பின் சக்கரம் இறங்கிவிட்டது. அன்று அபுதாபி குவாலிஃபையிங், அதாவது பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் ஓட்டம். மறுநாள் பட்டத்தை முடிவு செய்யும் பந்தயம். ஓட்டுநர்கள் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் ஆளுக்கு 369.5 புள்ளியோடு சமமாக வந்து நின்ற வருஷம் அது. ஹாமில்டன் ஜெயித்தால் எட்டாவது பட்டம். ஷூமாக்கரின் ஏழைத் தாண்டிவிடுவார். எனக்கு அவர்தான் எல்லாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனவன், டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து போனைத் திறந்துவிட்டேன்.

கடைக்காரர் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். இப்போது நாங்கள் எல்லோரும் அவரை டயர் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டே என் போனையும் எட்டிப் பார்த்தார். முதலில் கேட்டது இதுதான்:

"என்ன தம்பி, டயர்ல ஒரு பட்டன்கூட இல்ல. மொட்டை டயரப் போட்டுக்கிட்டு இந்த வேகத்துல எப்படிப் பிடிக்குது?"

நான் விளக்கினேன். காய்ந்த தரையில் பட்டன் தேவையில்லை. ரப்பர் எவ்வளவு அகலமாகத் தரையைத் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. சூடேறினால் ரப்பர் இளகி ஒட்டும். தண்ணீரை விலக்கத்தான் கோடு வெட்டிய டயர். அதை மழை வந்தால் மாட்டுவார்கள். அவர் தலையாட்டினார். அந்த நேரத்தில்தான் வெர்ஸ்டாப்பன் ஒரு வளைவில் பிரேக்கை அமுக்க, முன் சக்கரம் சுழலாமல் நின்று புகை கிளம்பியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் டியூபைக் கீழே போட்டுவிட்டார்.

"அந்த டயர் போச்சு."

எழுந்துபோய் மூலையில் கிடந்த ஒரு லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்தார். என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். "தடவிப் பாருங்க." பட்டன், பட்டன், பட்டன் என்று விரலில் தட்டிக்கொண்டே வந்தது; திடீரென்று உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று ஒரு தட்டையான இடம். அதன் ஓரத்தில் ரப்பர் இழுபட்டு மடிந்திருந்தது. "காலி வண்டியில பிரேக்க ஒரேயடியா அமுக்கினா சக்கரம் நின்னுடும், வண்டி நிக்காது. டயர் ரோட்டுல தேச்சுக்கிட்டே போகும். அப்புறம் அந்த இடம் தரையில பட்டுப் பட்டு ஸ்டியரிங்கே ஆடும். இவன் இந்த டயரோட நாளைக்கு ஓட்ட முடியாது."

அவர் சொன்னதுதான் நடந்தது. குவாலிஃபையிங்கின் இரண்டாம் கட்டத்தில் எந்த வகை டயரில் நல்ல நேரம் எடுக்கிறாரோ, அதே டயரில்தான் முதல் பத்துப் பேரும் பந்தயத்தைத் தொடங்க வேண்டும் என்பது அப்போதைய விதி. வெர்ஸ்டாப்பன் மீடியம் டயரில் தொடங்க நினைத்திருந்தார். அது தட்டையானதால், நன்றாகப் பிடித்தாலும் சீக்கிரம் தேயும் சாஃப்ட் டயருக்கு மாறினார். முதல் இடமும் பிடித்தார். ஹாமில்டன் இரண்டாவது, மீடியம் டயரில். அண்ணனுக்கு அன்றுவரை ஃபார்முலா ஒன் என்ற பெயரே தெரியாது. ஆறு வருஷம் விடாமல் பார்த்திருந்த நான், ஓட்டுநரின் முகத்தையும் கார் நிறத்தையும் தவிர வேறெதையும் உருப்படியாகப் பார்த்ததில்லை என்று எனக்கு உறைத்தது.

மறுநாள் சாயங்காலம் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். லேப்டாப்பை டயர் அடுக்கில் வைத்தோம். அண்ணனின் கணிப்பு, "சாஃப்ட் டயர்க்காரன் எடுத்த எடுப்பில் போயிடுவான், அப்புறம் தேஞ்சு நிப்பான்." முதல் பாதி தப்பு. கிளம்பிய உடனேயே ஹாமில்டன் முன்னே போய்விட்டார். பதினான்காவது சுற்றில், ரொம்ப நேரம் தாங்கும் ஹார்டு டயர் மாட்டினார். அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. 58 சுற்றுப் பந்தயம். 53ல் இன்னொரு ஓட்டுநரான லத்திஃபியின் கார் சுவரில் மோதி, எல்லோரையும் முந்தாமல் மெதுவாகப் பின்னால் வரவைக்கும் சேஃப்டி கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் டயர் மாற்றும் இடத்துக்கு உள்ளே போய்ப் புது சாஃப்ட் டயர் மாட்டிக்கொண்டு வந்தார்.

"இவனையும் மாத்தச் சொல்லுங்கப்பா!" அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். ஹாமில்டன் மாற்றவில்லை.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு சுற்று பின்தங்கி இருவருக்கும் நடுவே இருந்த ஐந்து கார்களை மட்டும் முன்னே போகவிட்டு, கடைசி ஒரு சுற்றுக்குப் பந்தயத்தைத் திறந்துவிட்டார்கள். ஐந்தாவது வளைவில் வெர்ஸ்டாப்பன் முந்தினார், பட்டமும் அவருக்கு. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த முடிவு சரியில்லை என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம். அடுத்த வருஷம் வந்த எஃப்.ஐ.ஏ. (பந்தயத்தை நடத்தும் உலக அமைப்பு) அறிக்கையே அதை மனிதத் தவறு என்று ஒப்புக்கொண்டது. அந்தச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கிடைத்த ஒரே வாய்ப்பில் தயங்காமல் உள்ளே புகுந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போனபோதும் அண்ணன் அதையே கேட்டார்: "அவன் ஏன் டயர் மாத்தல?" ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் இரண்டு வண்டி வரைந்து காட்டினேன். முன்னே இருப்பவர் டயர் மாற்ற உள்ளே போனால், பின்னே இருப்பவர் போகாமல் நேரே ஓட்டிவிடுவார். இடம் கைமாறிவிடும். பந்தயம் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்திருந்தால் அதோடு பட்டமும் போயிருக்கும். முன்னே இருப்பவருக்குத்தான் இந்தச் சிக்கல். பின்னே இருப்பவருக்கு இழக்க எதுவும் இல்லை. அண்ணன் அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப டயர் மட்டும் பத்தாது. இடமும் வேணும். எது பெருசுங்கறது ரோட்டைப் பொறுத்தது."

அன்றிலிருந்து எங்கள் கடையில் எந்தப் பந்தயம் வந்தாலும் முதல் கேள்வி ஓட்டுநரைப் பற்றியதாக இருக்காது. இது டயர் ரோடா, இட ரோடா என்றுதான் கேட்போம்.

கூட்டத்தில் மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு அனுபவம் உண்டு. செல்போன் கடை வைத்திருப்பவன், ரயிலே இல்லாத இந்த ஊரிலிருந்து சென்னை போய், அங்கிருந்து டெல்லிக்கு ரயிலேறி, 2011 அக்டோபரில் டெல்லிக்குப் பக்கத்து புத் சர்க்யூட்டில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயை, அதாவது ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பார்த்தவன். வெட்டல் ஜெயித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். 17ஆவதாக முடித்த நரேன் கார்த்திகேயனின் கார் எதிரே போன ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றதாகச் சொல்வான். அந்தக் காலத்து வி8 இன்ஜின் சத்தம் நெஞ்சுக்கூட்டில் அடித்தது என்று கையை மார்பில் வைத்துக் காட்டுவான். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறார் என்ற நினைப்பே போதும் என்பான். எனக்குப் புரிகிறது.

நரேன் பேச்சு வந்தால் 2005 இண்டியானாபொலிஸ் வராமல் இருக்காது. சாய்வான வளைவில் மிச்செலின் டயர்கள் தாங்கவில்லை. அந்த டயர் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு மட்டும் ஓடின. ஜோர்டான் டீமின் காரில் நரேன் நான்காவது, ஐந்து புள்ளி. ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர். "ஆறு பேர் ஓடினதுல நாலாவது" என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று காரை உடைக்காமல் கடைசிவரை ஓட்டியவருக்குத்தான் புள்ளி. இந்தக் கதையை முதன்முதலாகக் கேட்ட அன்று டயர் அண்ணன் யாரிடமும் காசு வாங்காமல் டீ சொன்னார்.

இன்னொருவன் மாம்பழக்கூழ் லாரி ஓட்டுகிறான். இப்போது சீசன், வீட்டிலேயே இருப்பதில்லை. அவன் அனுபவம் தொப்பூர் கணவாயில். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது முன்னால் ஒரு பெரிய டிரெய்லர், இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிறது. அதை முந்த இவனுக்கு இன்ஜினும் இருந்தது, டயரும் இருந்தது, வழி மட்டும் இல்லை. இறக்கம் முழுக்க அதன் பின் விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்தானாம். (டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் போனவர்களை அங்கே அவன் பார்த்திருக்கிறான். அந்த இறக்கத்தில் கியரை விடாதீர்கள்.) மொனாக்கோவும் அப்படித்தான் என்பது அவன் கட்சி.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மொனாக்கோ 3.337 கிலோமீட்டர், 78 சுற்று. இரண்டு பக்கமும் தடுப்பு. 1992ல் என்ன நடந்தது என்று அண்ணனின் மகள் பழைய காட்சியைத் தேடி எடுத்துக் காட்டினாள். அவள் பர்கூரில் பொறியியல் படிக்கிறாள். கணிப்பு நோட்டு அவள் பொறுப்பு. அந்த சீசனின் முதல் ஐந்து பந்தயங்களையும் ஜெயித்து வந்த மான்செல், இங்கேயும் முன்னணியில் இருந்தார். சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று கடைசிக் கட்டத்தில் உள்ளே போய்ப் புது டயர் மாட்டிக்கொண்டு வருவதற்குள் செனா முன்னே போய்விட்டார். மான்செலிடம் புது டயர், அதிவேகக் கார். செனாவிடம் தேய்ந்த டயர். இடப்பக்கம், வலப்பக்கம் என்று மான்செல் மூக்கை நுழைத்துப் பார்க்கிறார், நுழையவில்லை. சுமார் 0.2 நொடி வித்தியாசத்தில் செனா ஜெயித்தார். அபுதாபியை அப்படியே தலைகீழாகத் திருப்பியது போல இருந்தது. அண்ணன் அந்த வீடியோவை மூன்று தடவை போடச் சொன்னார்.

போன வருஷம், 2024ல், முதல் பத்துப் பேரும் தொடங்கிய வரிசையிலேயே முடித்தார்கள். முதல் சுற்றிலேயே பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி விழுந்ததால் எல்லோரும் அப்போதே டயரை மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரே ஊர்வலம். அதனால்தான் இந்தத் தடவை (2025) புது விதி: ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று செட் டயர் பயன்படுத்தியாக வேண்டும், அதாவது இரண்டு தடவை நிற்க வேண்டும்.

இது பந்தயத்தை மாற்றும் என்று செல்போன் கடைக்காரன் நம்புகிறான். அண்ணன் மகள் ஒப்புக்கொள்ளவில்லை. "சித்தப்பா, ஒரு டீமுக்கு ரெண்டு கார் இருக்கு. பின்னால இருக்கறத மெதுவா ஓட்டச் சொல்லி வழிய மறிச்சா, முன்னால போறவர் நின்னுட்டு வர்ற அளவுக்கு இடைவெளி கிடைச்சுடும். முந்த முடியாத ரோட்டுல இத யார் தடுக்கப் போறாங்க?" எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. நடுவரிசை டீம்கள் இதைக் கண்டிப்பாகச் செய்யும்.

அண்ணன் இதை எருது விடும் விழாவோடு சேர்த்துச் சொன்னார். பொங்கல் முடிந்ததும் நம் ஊர்களில் வீதியின் இரண்டு பக்கமும் தடுப்பு கட்டி, எருதுகளை ஒவ்வொன்றாக விட்டு, கோட்டைத் தாண்ட எத்தனை நொடி என்று கணக்குப் பார்ப்பார்களே, அதுபோல. ஒன்றை ஒன்று முந்துவது கிடையாது, நேரம்தான். "மொனாக்கோவுல சனிக்கிழமை எருது விடறாங்க. ஞாயித்துக்கிழமை பரிசு குடுக்கறாங்க."

அப்படியானால் சனிக்கிழமை யார்? என் கணிப்பு லெக்லேர். சொந்த ஊர், 2021, 2022, 2024 என மூன்று தடவை அங்கே குவாலிஃபையிங்கில் முதல் இடம் பிடித்தவர். 2021ல் கார் கிளம்பவே இல்லை, 2022ல் டீமின் கணக்குப் பிசகி நான்காவது, 2024ல்தான் ஜெயித்தார். அவருடைய ஃபெராரி டீம் இந்த சீசனில் இன்னும் ஒரு கிராண்ட் பிரீகூட ஜெயிக்கவில்லை என்பது தெரியும். ஆனாலும் தடுப்பைத் தொட்டும் தொடாமலும் ஓட்ட அவரைப் போல ஆள் இல்லை. ஹாமில்டனும் இப்போது அதே டீமில் இருக்கிறார். அவர் இரண்டாவது வந்தால் எனக்கு அது பொங்கல்.

அண்ணன் மகள் பியாஸ்ட்ரி என்று எழுதியிருக்கிறாள். நான்கு பந்தயம் ஜெயித்துப் புள்ளிப்பட்டியலில் முதலில் இருக்கிறார், பதற்றமே இல்லை என்கிறாள். லாரிக்காரன் வெர்ஸ்டாப்பன். போன ஞாயிறு இமோலாவில் முதல் வளைவிலேயே பியாஸ்ட்ரியை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு முந்தியதைப் பார்த்தவர்கள் அவனோடு சண்டை போட முடியாது. ஆனால் அது இமோலா, அங்கே வழி இருந்தது. செல்போன் கடைக்காரன் நாரிஸ். பெரிய காரணம் எதுவும் சொல்லவில்லை.

அண்ணன் இன்னும் எழுதவில்லை. சனிக்கிழமை இரவு எட்டரைக்கு, குவாலிஃபையிங் முடிந்த பிறகு எழுதுகிறேன் என்கிறார். அது நியாயமில்லை என்று நாங்கள் மூவரும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டோம். மகள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நோட்டில் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறாள்.