நிலக்கரி அடுக்குத் தண்ணி தெளிவா இருந்தா வயலுக்கு விடலாமா?

டிக்கோயா தம்பி:
அவுஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலத்து சுராட் படுகையில கரி அடுக்குல இருந்து மீத்தேன் எடுக்கிறாங்க, அதுக்கு முதல்ல அடுக்குல நிக்கிற தண்ணிய பம்ப் பண்ணி வெளிய எடுக்கணும், அப்பதான் அழுத்தம் கொறஞ்சு கேஸ் கரிய விட்டுப் பிரியும். அந்தத் தண்ணிய விவசாயத்துக்கு விடுறதுக்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு? தெளிஞ்ச தண்ணி, சோப்பு நல்லா நுரைக்கும், கரியே வடிகட்டினதுதானே. காஞ்சு கெடக்கிற பூமிக்கு விட்டா என்ன கெட்டுப்போகும்?

ஊவாக்காரி:
தம்பி, சோப்பு நுரைச்சா கல்சியம், மக்னீசியம் இல்லன்னுதான் அர்த்தம், நல்ல தண்ணின்னு இல்ல. மழைத்தண்ணி மண்ணுல இறங்கும்போது கல்சியத்தக் கரைச்சிக்கிட்டுப் போகுது, கீழ களி இருக்கிற இடத்துல களி அந்தக் கல்சியத்தப் பிடிச்சிக்கிட்டு சோடியத்த விட்டுடும். இன்னும் ஆழத்துல ஒக்சிசன் கெடையாது, அங்க பக்டீரியா சல்பேட்ட சல்பைடா மாத்தும்போது பைகாபனேட் கூடுது, அது கூடினா மிச்சமிருக்கிற கல்சியமும் சுண்ணாம்பா படிஞ்சு போயிடும். கடைசியில மிஞ்சுறது சோடியமும் பைகாபனேட்டும்தான், அதாவது அப்பச்சோடா கரைச்ச தண்ணி. கரி இந்த உப்ப வடிகட்டாது. கல்சியம் இல்லாத தண்ணியில புளோரைட்டும் படியாம அப்படியே நிக்கும். அனுராதபுரம் பக்கம் புளோரைட் கூடின கிணத்துத் தண்ணி குடிச்ச புள்ளைங்க பல்லப் பார்த்தவங்களுக்கு அது என்ன செய்யும்னு தெரியும்.

டிக்கோயா தம்பி:
அக்கா, நம்ம தேயிலைத் தோட்டத்துலயும் மண்ணு புளிச்சுப் போச்சுன்னு கவ்வாத்து (செடிய வெட்டி விடுறது) வெட்டுற நேரம் டொலமைட் போடுறோமே, அதுவும் காரம்தானே?

ஊவாக்காரி:
டொலமைட்ல வர்றது கல்சியமும் மக்னீசியமும், அது மண்ணுக் கட்டிய சேர்த்துப் பிடிக்கும். சோடியம் நேர் எதிர், களியப் பிரிச்சு துளையெல்லாம் அடைச்சிடும், மழை பெஞ்சாலும் தண்ணி உள்ள இறங்காம மேலயே ஓடும். அதனாலதான் கல்சியம், மக்னீசியத்தோட ஒப்பிட்டு சோடியம் எவ்வளவுன்னு பார்க்கணும், பிஎச் (புளிப்பா காரமான்னு காட்டுற அளவு) மட்டும் பார்த்தா பத்தாது. பிஎச்ச எடுத்தாலும் தேயிலைக்கு 4.5ல இருந்து 5.5 வரைக்கும்தான் சரி, இந்தத் தண்ணி அதுக்கு எவ்வளவோ மேல.

கொட்டகலை மாஸ்டர்:
எல்லாக் கரிக்கும் ஒரே கணக்கு போடாதீங்க மகள். நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்குக் கீழ தண்ணி அழுத்தத்தோட நிக்குது, இறைக்காட்டி சுரங்கத்துத் தரையே பொத்துக்கும், அதனால ராப்பகலா பம்ப் ஓடுது. அந்தத் தண்ணிய சென்னைக்குக் குடிக்கவும் எடுத்திருக்காங்க. அதையும் சோடாத் தண்ணின்னு சொல்லுவீங்களா?

ஊவாக்காரி:
அது கரிக்குக் கீழ இருக்கிற மணற்கல்லுத் தண்ணி மாஸ்டர், நான் சொல்றது கரிக்குள்ளயே நிக்கிற தண்ணி. அதோட தரம் நல்லா இருந்தா மட்டும் போதுமா, அழுத்தத்த எறக்கினா சுத்தி இருக்கிற ஊர்க் கிணறும் எறங்கும். 2014 கடைசியில உமா ஓயா நீர்த் திட்டத்துக்கு மலைக்குள்ள வெட்டின சுரங்கப் பாதையில தண்ணி பீறிட்டதுக்குப் பிறகு பண்டாரவளைப் பக்கம் கிணறும் ஊத்தும் வத்தி, வீட்டுச் சுவரெல்லாம் வெடிச்சது நாடே பார்த்த விசயம், அங்க கரி ஒரு துண்டு கூட இல்ல.

கொட்டகலை மாஸ்டர்:
கிணறு எறங்குறது வேற பிரச்சின, தண்ணியோட ரசாயனம் வேற பிரச்சின. ரசாயனத்தப் பத்திப் பேசுறதுன்னா கைவிட்ட பழைய கரிச் சுரங்கத்தப் பாருங்க, கரியோட இருக்கிற பைரைட்ல (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காத்தும் தண்ணியும் பட்டு கந்தக அமிலம் உண்டாகி இரும்பக் கரைச்சு ஓடையே செவந்து ஓடும். எனக்கு அதுதான் பெரிய பயம், ஆழத்து சோடியம் இல்ல.

டிக்கோயா தம்பி:
குயின்ஸ்லாந்துல பச்சத் தண்ணிய அப்படியே விடுறாங்கன்னு நெனைக்காதீங்க, நெறைய இடத்துல ஆர்ஓ (தண்ணிய அழுத்தி சவ்வுல வடிகட்டுற முறை) போட்டு உப்பெடுத்துத்தான் விவசாயிக்குக் குடுக்கிறாங்க. கிணறு பாதிச்சா கம்பெனியே ஈடு செய்யணும்னு சட்டமும் இருக்கு. வரட்சியில நிக்கிறவனுக்குத் தண்ணிதான் முக்கியம் அக்கா.

ஊவாக்காரி:
எடுத்த உப்பு எங்க போகும் தம்பி? லீட்டருக்கு 3 கிராம் உப்புன்னு வச்சா பத்து லட்சம் லீட்டருக்கு 3 டன், அது வருசா வருசம் சேர்ந்துகிட்டே இருக்கும். ஈடு குடுக்கிற சட்டத்தையும் நம்பி இருக்க ஏலாது, முந்தி எப்படி இருந்துச்சுன்னு அளவு கையில இல்லாதவன் என்னத்தக் காட்டிக் கேட்பான்? சுரங்கமோ பம்போ, தொடங்குறதுக்கு முன்னுக்கே ஊர்க் கிணறு, பீலி (ஊத்துத் தண்ணி விழுற இடம்) எல்லாத்துலயும் மழைக் காலத்துலயும் வெயில் காலத்துலயும் நீர்மட்டம், சோடியம், கல்சியம், சல்பேட், மீத்தேன் அளந்து ஊர்ச் சனத்துக்கிட்டயே ஒரு பிரதி குடுக்கணும், அதுக்குப் பிறகுதான் வயலுக்கு விடுறதப் பத்திப் பேசலாம்.