மாண்ட்ரியல் எக்ஸ்பிரஸ் ஒரே சீசனில் நின்றது யார் தவறு?

பனிக்காலன்: லாக்ரோஸ் என்பது வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம். அதை வட அமெரிக்காவில் உள்ளரங்கில் தொழில்முறையாக நடத்தும் நேஷனல் லாக்ரோஸ் லீக்கில் 2002-இல் மட்டும் ஆடிவிட்டுக் காணாமல் போன அணி கனடாவின் மாண்ட்ரியல் எக்ஸ்பிரஸ். 16 ஆட்டம், 8 வெற்றி, 8 தோல்வி. புது அணிக்கு இது நல்ல கணக்குதான், ஆனாலும் நிலைக்கவில்லை. என்னைக் கேட்டால் ஊர்தான் காரணம். அங்கே ஐஸ் ஹாக்கிதான் உயிர். ஊர் ஹாக்கி அணியான கனடியன்ஸ் ஆடும் அதே அரங்கில், அதே குளிர்காலத்தில், பனித்தரைமேல் செயற்கைப் புல் விரித்து இன்னொரு ஆட்டம் நடத்தினால் யார் காசு கொடுப்பார்கள்?

கரையோரம்: ஒத்துக்கொள்ளவே முடியாது நண்பரே. லாக்ரோஸ் விதிகளை 19ஆம் நூற்றாண்டில் வகுத்து எழுதியவர் மாண்ட்ரியல் பல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ஸ். ஆற்றுக்கு அக்கரையில் ககனவாகே என்ற ஊர். அங்குள்ள மோஹாக் பழங்குடி மக்கள் தலைமுறைகளாக ஆடிவருவது இது. உள்ளரங்க லாக்ரோஸ் வளர்ந்ததே ஹாக்கி அரங்குகளால்தான். கோடையில் அரங்கு சும்மா கிடக்கிறதே என்று 1931-இல் தொழில்முறை லீக் தொடங்கினார்கள். அதில் மாண்ட்ரியலுக்கு மட்டும் இரண்டு அணிகள்!

பனிக்காலன்: அந்த லீக்கும் 1932-லேயே படுத்துவிட்டதே. அதை ஏன் சொல்லவில்லை?

கரையோரம்: அது பெருமந்தக் காலம், எந்தத் தொழில்தான் தாக்குப்பிடித்தது? சரி, கால்கரியை எடுங்கள். அதுவும் 2002-இல் வந்த அணி, அதுவும் ஹாக்கி ஊர். முதல் சீசனில் 4 வெற்றி, 12 தோல்வி. பொறுத்திருந்தார்கள், 2004-இல் கோப்பை. மாண்ட்ரியலில் ஆடிய டிரேசி கெலஸ்கி அப்போது கால்கரியில் இருந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

நடுக்கோடு: இரண்டு பேரும் லீக்கை விட்டுவிட்டீர்கள். 2002-இல் ஒரே மூச்சில் நான்கு புது அணிகள், மொத்தம் 13. அந்த நான்கில் இன்றும் அதே ஊரில் ஆடுவது கால்கரி ஒன்றுதான். நியூ ஜெர்சி அணி அனாஹைம் போய் 2005-இல் முடிந்தது. அந்த வான்கூவர் அணி 2004-க்குப் பிறகு ஆடவில்லை, அதுவும் லாக்ரோஸ் ஊறிப்போன பகுதி. அடித்தளம் போடாமல் அணிகளைக் கூட்டினால் இப்படித்தான் ஆகும்.

கரையோரம்: இது நியாயமான பேச்சு. அதோடு, இதே மாண்ட்ரியல் அணியின் லீக் உரிமம்தான் 2005-இல் அமெரிக்காவில் மினசோட்டா ஸ்வார்ம் அணி ஆனது. மினசோட்டாவும் ஹாக்கி மாநிலம்தானே, பனிக்காலன்?

பனிக்காலன்: அங்கேயும் தங்கவில்லையே! 2015-இல் ஜார்ஜியாவுக்குப் போய்விட்டது. 2017 கோப்பையையும் அங்கே போய்த்தான் வென்றது.

கரையோரம்: மினசோட்டாவில் 11 சீசன் ஆடிய பிறகுதான் போனது. மாண்ட்ரியலுக்கு இரண்டாவது சீசனைக்கூடக் கொடுக்கவில்லை.