புதுப்பிப்பு: "நான் உங்களுக்குச் சுமைம்மா" என்ற அப்பா

போன மாதம் இங்கே எழுதியிருந்தேன்: கணையப் புற்றுநோய் முற்றிய அப்பா, "நான் உங்களுக்குச் சுமைம்மா, சீக்கிரம் போயிட்டா தேவலை" என்று தினமும் சொல்வதை. "அப்படிப் பேசாதீங்கப்பா" என்று நான் வாயை அடைத்தது தப்பு என்றீர்கள். சரிதான்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸ், "எதுங்கய்யா ரொம்பச் சுமையாத் தெரியுது?" என்று கேட்டார். மருந்துச் செலவு என்பார் என நினைத்தேன். ராத்திரி மகள் நான் அவரைப் பாத்ரூமுக்குத் தூக்கிப் போவதுதானாம்! கட்டிலருகே கமோட் நாற்காலி போட்டோம். ராத்திரிக்குத் தம்பி வந்துவிடுகிறான். வலிக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை, கூடவே மலமிளக்கி. வலி அடங்கியதும் பேச்சும் கொஞ்சம் மாறியது.

நேற்று சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலிருந்து வந்த கொலுசைக் கையில் வாங்கிப் பார்த்து, "கண்ணியைப் பத்தவெச்சது சரியில்லடா" என்று தம்பியைத் திட்டினார். அப்பாவுக்கு அழுகை இன்னும் வருகிறது, அதுவும் விடியற்காலையில். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.