3.5 லட்சத்துக்குள்ள செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் சின்ன வண்டி, செலேரியோவா கிராண்ட் ஐ10ஆ?

பீளமேட்டுக்காரி:

வணக்கம். வீட்டுக்கு ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வண்டி தேடிட்டு இருக்கோம், ஆளாளுக்கு ஒண்ணு சொல்றதுல மண்டை காயுது, விவரம் தெரிஞ்சவங்க சொன்னா புண்ணியமா போகும்.

ஓட்டப்போறது முக்கியமா எங்க அத்தை (மாமியார்), 62 வயசு. பல வருஷம் மாருதி 800 ஓட்டுனவங்க, இடது முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் கிளட்ச் மிதிக்கறது கஷ்டமா இருக்கு, ஆனா வண்டி ஓட்டாம இருக்க முடியல அவங்களால, ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசியே பிபி ஏறுதுங்கறாங்க. அவங்க எடுக்காதப்ப நான் எடுப்பேன், லைசென்ஸ் இருக்கு, டிராஃபிக்ல கியர் மாத்தறதுன்னா எனக்கு கை நடுங்கும்.

பெட்ரோல் தான். பீளமேடு டூ ஆர்எஸ்புரம், ஸ்கூல், மார்க்கெட், கோயில், எப்பயாவது பொள்ளாச்சி. மாசம் 500 கிலோமீட்டர் ஓடுனா ஜாஸ்தி. பட்ஜெட் பேர் மாத்தறது, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து 3.5 லட்சம், அதுக்கு மேல ஒரு பைசா கிடையாதுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். அப்பார்ட்மெண்ட்ல பேஸ்மெண்ட் பார்க்கிங், ரேம்ப் கொஞ்சம் செங்குத்து, ஏறி மேல வந்து வாட்ச்மேன் கேட் திறக்கற வரைக்கும் சரிவுலயே நிக்கணும்.

இதுவரைக்கும் பாத்ததுல 2016 செலேரியோ ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானா மாத்தற டைப்) ஒண்ணு, 2015 கிராண்ட் ஐ10 ஆட்டோமேட்டிக் ஒண்ணு, 2014 பிரியோ ஒண்ணு இருக்கு. தம்பி ஏஎம்டி ஜெர்க் அடிக்கும், வேண்டவே வேண்டாம்ங்கறான். பக்கத்து கடை மெக்கானிக் பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போச்சுன்னா வண்டி விலைக்கு செலவு வைக்கும்ங்கறார். யாரு சொல்றத கேக்கறது?

ஓஎம்ஆர்வாசி:

செலேரியோ எடுங்க சிஸ்டர், யோசிக்கவே வேணாம். 2014ல வந்த வண்டி, நம்மூர்ல ஏஎம்டிய சாதாரண ஜனங்க வாங்கற விலைக்கு கொண்டுவந்ததே அதான். மூணு சிலிண்டர் 998 சிசி இன்ஜின், ஆல்டோ கே10, வேகன்ஆர்னு எல்லாத்துலயும் இருக்கற அதே குடும்பம், எந்த ஊர்ல நின்னாலும் ஸ்பேர் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பான். மைலேஜ் கம்பெனி சொன்னது 23.1, அதெல்லாம் பேப்பர்ல, சிட்டில 15, 16 வரும், அதுவே ஆட்டோமேட்டிக்குக்கு பெரிய விஷயம்.

உங்க தம்பி சொல்ற ஜெர்க் உண்மை தான், கியர் மாறும்போது யாரோ பின்னாடிலேந்து முதுகுல தட்ற மாதிரி இருக்கும். ஆனா அது பழகிடும். மாறப்போகுதுன்னு தெரியும்போது ஆக்சிலேட்டர்ல கால லேசா தளத்துனா போதும், வெண்ணெயா மாறும். எங்க அம்மா ஓட்டறாங்க, ஒரு கம்ப்ளைண்ட் கிடையாது.

கிரீஸ்கை:

ஏனுங் அம்மணி, எல்லாத்தையும் விட முக்கியமானத கடைசில ஒரு வரியில எழுதிட்டு போயிட்டீங்க பாருங், அந்த ரேம்ப். அத வெச்சுத்தானுங்க வண்டிய முடிவு பண்ணோணும்.

ஏஎம்டின்னா உள்ள இருக்கறது சாதா மேனுவல் கியர்பாக்ஸே தானுங்க, கிளட்ச் பிளேட்டும் அதே தான். உங்க காலும் கையும் செய்யற வேலைய ஆக்சுவேட்டர்னு ஒரு கருவி செய்யுது, அவ்வளவு தான் வித்தியாசம். அதனால தான் மைலேஜும் நல்லா வருது, விலையும் குறைச்சல். ஆனா சரிவுல நிக்கறப்ப என்ன பண்றாங்கன்னா, பிரேக்க மிதிக்காம ஆக்சிலேட்டர லேசா அழுத்தியே வண்டிய அந்தரத்துல நிறுத்தி வெப்பாங்க, கேட் திறந்ததும் டக்குனு போலாம்னு. அப்ப உள்ள பிளேட்டு அரைபட்டுட்டே இருக்குதுங்க. தினம் ரெண்டு வேளை அப்படி நின்னா 40 ஆயிரம் கிலோமீட்டர்லயே பிளேட்டு கருகி வர்ற வண்டி எங்க பட்டறைக்கு நிறைய வருது. இன்னொன்னு, பிரேக்க விட்டு ஆக்சிலேட்டருக்கு கால் போறதுக்குள்ள அந்த வயசு செலேரியோ சரிவுல பின்னாடி உருளும். ஹேண்ட் பிரேக் போட்டு, ஆக்சிலேட்டர் குடுத்து, வண்டி முன்னாடி இழுக்கறப்ப ஹேண்ட் பிரேக்க விடோணும். பழகுனா சுலபம் தான், ஆனா முட்டி வலியோட, பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சுட்டு நிக்கறப்ப அந்த அம்மாவுக்கு அது என்னத்துக்குங்க? அதுல பார்க்கிங்குக்கு பி அப்படிங்கற பொசிஷனும் கிடையாது, கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துத்தான் நிறுத்தோணும்.

கிராண்ட் ஐ10ல இருக்கறது நாலு கியர் டார்க் கன்வெர்டர், பிரியோல அஞ்சு கியர். இதுல இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஆயில் தான் வேலை செய்யுது, காலு போட்டு அரைக்கற பிளேட்டு இல்லைங்க. டி-ல போட்டு பிரேக்க விட்டா தானா ஊர்ந்து போகும், ரேம்ப்லயும் அந்த இழுப்பு இருக்கறதால சட்டுனு பின்னாடி போகாது. பழைய டெக்னாலஜி, மந்தம், பெட்ரோலும் குடிக்கும். ஆனா ஆயில காலா காலத்துல மாத்துனா இன்ஜின் இருக்கற வரைக்கும் கியர்பாக்ஸும் இருக்குமுங்க.

கியர்பாக்ஸ் போனா வண்டி விலைன்னு உங்க மெக்கானிக் சொன்னது சிவிடிக்கு (கியரே இல்லாம பெல்ட்டுல ஓடற டைப்) சரி, அது மோசமா போனா லட்சத்த தாண்டும். டூயல் கிளட்ச்சும் (ரெண்டு கிளட்ச் வெச்ச ஆட்டோமேட்டிக்) இந்த பட்ஜெட்டுக்கு வேண்டாமுங்க, அதுவும் டிராஃபிக்ல சூடாகற ட்ரை கிளட்ச் டைப். போலோ ஜிடி ஓட்டறதுக்கு தங்கமா இருக்கும், அதுல கியர்பாக்ஸ கன்ட்ரோல் பண்ற மெகாட்ரானிக் யூனிட் போச்சுன்னா அந்த தங்கத்த அடகு வெக்கோணும்.

ஓஎம்ஆர்வாசி:

அண்ணே நீங்க சொல்றது சரி, ஆனா பெட்ரோல் கணக்கையும் பாருங்க. நாலு கியர் வண்டி சிட்டில 11 குடுத்தா பெரிய விஷயம்.

பழைய_வண்டி_பைத்தியம்:

கணக்கு போட்ருவோம். மாசம் 500 கிமீ. 16 குடுத்தா 31 லிட்டர், 11 குடுத்தா 45 லிட்டர். வித்தியாசம் 14 லிட்டர், இப்ப விலைக்கு சுமார் 1,400 ரூபா, வருஷத்துக்கு 17 ஆயிரம் கிட்ட. ஏஎம்டில ஒரு தடவ கிளட்ச் செட் மாத்தி, ஸ்கேனர் போட்டு திரும்ப செட் பண்ணினா (பிளேட்ட மட்டும் மாத்திட்டு விட முடியாது, கம்ப்யூட்டருக்கு புது கிளட்ச் எங்க புடிக்குதுன்னு கத்துக்குடுக்கணும்) அந்த மிச்சத்துல பெரும்பகுதி போயிடும். தினம் 50 கிமீ ஓடறவருன்னா நானே செலேரியோ தான் சொல்வேன். இவங்க ஓட்றதே கொஞ்சம். மைலேஜ பாத்து வண்டி எடுக்கறது இவங்களுக்கு தேவையில்லாத ஆணி.

பிரியோ பத்தி யாரும் பேசல. 1.2 லிட்டர் ஐவிடெக் இன்ஜின், 88 பிஎஸ் பவர், அந்த மூணுல ஓட்ட ஜாலியான வண்டி அது தான். 2019ல நிறுத்திட்டாங்கன்னு பயப்படாதீங்க, இன்ஜின் சாமான் எல்லாம் ஹோண்டாவோட பழைய அமேஸ் காரோட ஒண்ணு. டிக்கி தான் காய்கறி பைக்கே பத்தாது. பாடி சாமான், லைட்டு, பம்பர் தேடத்தான் அலையணும்.

தாமிரபரணி:

வண்டி மாடல விடுங்க, நம்பர் பிளேட்ட பாருங்க முதல்ல. கோயம்புத்தூர்ல கேஎல் (கேரளா) வண்டி விலை கம்மின்னு நிறைய வரும், 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல எத்தன வண்டி முங்குச்சுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. டிஎன் வண்டின்னாலும் சென்னை 2015, 2023 டிசம்பர், எங்க ஊரு தூத்துக்குடி, நெல்லை பக்கம் அதே 2023 டிசம்பர், எல்லாம் கழுவி பாலிஷ் போட்டு வேற ஊர்ல வித்துருவான். ஆட்டோமேட்டிக்ல தண்ணி புகுந்தா கன்ட்ரோல் யூனிட்டு, வயரிங்குன்னு ஒவ்வொண்ணா படுக்கும், அதுவும் வாங்கி ஆறு மாசம் கழிச்சு.

சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, முழுசா. அடியில சுத்தி இருக்கற பகுதிய யாரும் கழுவ மாட்டான், மண் கலர் கோடு இருந்தா அப்படியே விட்டுட்டு வந்துருங்க. சீட்டுக்கு அடியில இருக்கற தண்டவாளத்துல துரு, டிக்கில ஸ்டெப்னி வைக்கற குழியில வண்டல், இதையும் பாருங்க.

பேப்பர் விஷயம். பரிவாகன் சைட்ல (அரசாங்கத்தோடது) நம்பர் போட்டு பாத்தா எத்தனாவது ஓனர், ஹெச்பி (வண்டி மேல லோன் அடமானம்) இருக்கா, இன்சூரன்ஸ் எது வரைக்கும்னு வந்துரும். லோன் கட்டி முடிச்சாச்சுன்னு வாயால சொல்லுவாங்க, ஹெச்பி கேன்சல் பண்ணி ஆர்சில பேங்க் பேரு எடுக்காம காசு குடுக்காதீங்க. இ-சலான் பாக்கி இருக்கான்னும் பாத்துருங்க. பேர் மாத்தற பார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கிட்டு அப்படியே பீரோவுல வைக்கக்கூடாது, உடனே ஆர்சிய மாத்தணும். இன்சூரன்ஸும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுங்க, இல்லன்னா வண்டில அடிபட்டா ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கான) கிளெய்ம்ல இழுத்தடிப்பான். விக்கறவரோட நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் பண்ணாததுக்கு குடுக்கற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளோட போறது, வண்டியோட வராது. அதனால இன்சூரன்ஸ் கம்மின்னு அவர் காட்டற தொகைய நம்பி பட்ஜெட் போடாதீங்க.

எலக்ட்ரிக்_குமார்:

இந்த காலத்துல யாராச்சும் பெட்ரோல் வண்டி வாங்குவாங்களா, லோன் போட்டு புது ஈவி எடுங்க

பழைய_வண்டி_பைத்தியம்:

தல அவங்க வீட்டுக்காரர் ஒரு பைசா கிடையாதுன்னதா எழுதிருக்காங்க, படிச்சுட்டு வாங்க.

பீளமேட்டுக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அத்தைகிட்ட இத வாசிச்சு காட்டுனேன், கிரீஸ்கை அண்ணா எழுதுன அந்த ரேம்ப் விஷயத்த கேட்டதும் செலேரியோ வேண்டாம்னுட்டாங்க.

நேத்து கிராண்ட் ஐ10 போய் பாத்தோம். 2015, ஒரே ஓனர், ரிட்டயர்டு ஆளு, டிஎன் 38, மீட்டர் 34,000 காட்டுது. கேக்கறது 3.6. சீட் பெல்ட் இழுத்து பாத்தோம், சுத்தம். ஹெச்பி இல்ல. சர்வீஸ் புக்ல எல்லா வருஷமும் சீல் இருக்கு, ஆனா கியர்பாக்ஸ் ஆயில் மாத்துனதா எங்கயுமே இல்ல. டயர்ல ஒரு சின்ன முட்டை வடிவத்துக்குள்ள 1915ன்னு இருக்கு, நாலுலயும் கிட்டத்தட்ட அதே தான். வீட்டுக்காரர் டயர்ல பட்டன் நல்லா இருக்கு, அப்படியே ஓட்டலாம்ங்கறார். பின்னாடி இடது கதவு கண்ணாடியில மட்டும் நம்பர் வேற மாதிரி இருக்கு. ஓட்டி பாக்கறப்ப ஸ்மூத்தா தான் இருந்துச்சு, நாங்க போறப்பவே இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சு.

கிரீஸ்கை:

1915ன்னா 2015ல 19வது வாரம் செஞ்ச டயருங்க. அப்படின்னா கம்பெனில வந்த டயரே இன்னும் கிடக்குது. இது மீட்டருக்கு நல்ல சாட்சி, 34 ஆயிரம் உண்மையா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி, 80 ஓடிருந்தா அந்த டயர் இன்னேரம் வழுக்கையாயிருக்கும். ஆனா பட்டன் இருக்குதுன்னு ஓட்டக்கூடாதுங்க, பத்து வருஷ ரப்பர் காஞ்சு போயிருக்கும், பொள்ளாச்சி ரோட்டுல 80ல போறப்ப வெடிச்சா என்ன பண்றது? பக்கவாட்டுல நகத்தால அழுத்தி பாருங்க, மயிர்க்கோடு கோடா வெடிப்பு தெரியும். நாலும் மாத்தறதுக்கு 16லேந்து 18 ஆயிரம் ஆகும், அத விலையில கழிக்க சொல்லுங்க.

கண்ணாடி ஒண்ணு மட்டும் வேறன்னா அது உடைஞ்சு மாத்திருக்காங்க. கல்லு பட்டும் உடைஞ்சிருக்கலாம், பக்கவாட்டுல அடிபட்டும் உடைஞ்சிருக்கலாம். அந்த கதவ திறந்து ஓரத்துல இருக்கற ரப்பர உருவி பாருங்க, கம்பெனி ஸ்பாட் வெல்டிங் புள்ளி வரிசையா, வட்டமா இருக்கோணும். கீல்ல இருக்கற போல்ட்டுல ஸ்பேனர் போட்ட தடம் இருந்தா கதவ கழட்டிருக்காங்கன்னு அர்த்தம். கதவு மட்டும்னா பரவால்லைங்க, நடு தூண்ல பெயிண்ட் அடிச்சிருந்தா வேண்டாம்.

இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சுங்கறது தான் எனக்கு புடிக்கல. மறுபடி போங்க, ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருங்கன்னு முன்னாடியே போன்ல சொல்லிட்டு, போனதும் பானெட் மேல கை வெச்சு பாருங்க. சில்லுனு இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணி, பிரேக்க மிதிச்சுட்டு என்-லேந்து டி, திரும்ப என், அப்புறம் ஆர். போட்டதும் ஒரு செகண்டுல புடிக்கோணும். ரெண்டு மூணு செகண்டு யோசிச்சு, டங்குனு இடிச்சு புடிச்சா உள்ள தேஞ்சிருக்குதுன்னு அர்த்தம், அதுவும் ரிவர்ஸ்ல. அப்புறம் அரை மணி நேரம் டிராஃபிக்ல ஓட்டி சூடாக்கி அதையே திரும்ப பண்ணுங்க. சிலது குளிருல ஒழுங்கா இருக்கும், சூட்டுல வழுக்கும். ரெண்டாவது மூணாவது கியர் மாறுறப்ப ஆர்பிஎம் மட்டும் சர்ருனு ஏறி வண்டி ஏறலைன்னா இறங்கிடுங்க.

ஆயில் 34 ஆயிரத்துல மாத்தலைன்னா அது பெரிய குத்தமில்லைங்க, ஆனா பத்து வருஷம் ஆயிடுச்சு. எஸ்பி-3 ஆயில் தான் போடோணும், கைக்கு கிடைச்சத ஊத்த விடாதீங்க. மெஷின் போட்டு ஒரேயடியா ஃப்ளஷ் பண்றேம்பாங்க, வேண்டாம். கீழ நட்ட கழட்டி வர்றத மட்டும் இறக்கிட்டு அதே அளவு புதுசு ஊத்தி, 500 கிலோமீட்டர் ஓட்டி, இன்னொரு தடவ அதே மாதிரி. இறக்குற ஆயில ஒரு வெள்ளை டிஷ்யூல தொட்டு பாருங்க. பழுப்பா இருந்தா வயசு. கருப்பா, கருகுன வாசத்தோட இருந்தா எனக்கு இங்க எழுதுங்க.

தாமிரபரணி:

2015 வண்டின்னா 2030ல 15 வருஷம் ஆகி எஃப்சி காட்டணும், அப்ப ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் பீஸே 5,000, பசுமை வரி தனி. இதையும் சொல்லி விலைய குறைங்க.

பழைய_வண்டி_பைத்தியம்:

ஒரே ஓனர், மீட்டர் நம்பற மாதிரி இருக்கு, வெள்ளம் இல்ல. டயர், ஆயில், கண்ணாடி மூணையும் வரிசையா சொல்லி 3.2ல ஆரம்பிங்க, 3.3ல நில்லுங்க. மீதி இருபதாயிரத்துல டயரும் ஆயிலும் முடியும், இன்சூரன்ஸும் பேர் மாத்தறதும் அதுக்கு மேல ஆகும், வீட்டுக்காரர இப்பவே கொஞ்சம் தயார் பண்ணி வைங்க. போறப்ப அத்தையையும் கூட்டிட்டு போங்க, ஆட்டோக்காரர்கிட்ட பேசற அதே பேரத்த அங்க பேசட்டும்.