வாசலோரப் பூப்பாத்தி: செடியை விட்டு மண்ணைப் பார்த்த பிறகு

மதுரையில் எங்கள் வீட்டு வாசற்படிக்கு இடப்புறம், சுற்றுச்சுவரை ஒட்டி எட்டடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு பூப்பாத்தி இருக்கிறது. வீட்டை ஆறு ஆண்டுகள் வாடகைக்கு விட்டுவிட்டு 2022 ஜூனில் திரும்பி வந்தபோது, அதில் கோரைப்புல்லும், மூலையில் இலையில்லாமல் சுள்ளியாக நின்ற ஒரு குண்டுமல்லித் தூரும் மட்டுமே மிஞ்சியிருந்தன. இதே நிலையில் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால், செய்த தவறையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வந்த வாரமே நர்சரியில் நான்கு இட்லிப்பூச் செடிகளும் இரண்டு செம்பருத்திகளும் வாங்கி, புல்லை மேலாகச் செதுக்கிவிட்டு நட்டோம். ஒரு மாதத்துக்குள் இட்லிப்பூவின் கொழுந்திலைகள் வெளுத்து மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. சத்துக் குறைவு என்றெண்ணி நான் உரம் வைத்துக்கொண்டே இருந்தேன். தென்னை மட்டை வெட்ட வந்த பெரியவர்தான் சற்று நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, செடி மேல குத்தமில்ல. கீழ தோண்டிப் பாருங்க" என்றார்.

அரையடி ஆழத்திலேயே கடப்பாரை ணங்கென்று மோதியது. நாங்கள் இல்லாத காலத்தில் சுற்றுச்சுவரைப் பூசியபோது, கலவையை இந்தப் பாத்தியின் மேல்தான் குழைத்திருக்கிறார்கள். அது இறுகித் தளம்போலக் கிடந்தது. தோண்டிய குழியில் மாலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலையிலும் பாதித் தண்ணீர் அப்படியே நின்றது. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண் காரத்தன்மை அடைந்துவிடும் என்பதையும், அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும், புளிப்பு மண்ணை விரும்பும் இட்லிப்பூவுக்கு அது அறவே ஒவ்வாது என்பதையும் அதன் பிறகே தெரிந்துகொண்டேன்.

மல்லித் தூரைச் சுற்றி ஒன்றரை அடி விட்டுவிட்டு, மற்ற இடத்தை ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டினோம். செங்கல் துண்டும் ஜல்லியும் பெயர்ந்த கலவைக் கட்டியுமாகப் பதினான்கு சாக்கு வெளியேறியது. கோரையை வேரோடு எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. மண்ணுக்குள் மெல்லிய நரம்பில் கோத்த மணிகள்போல அதன் கிழங்குகள் வரிசையாக ஓடுகின்றன. ஒன்று தங்கினாலும் மறுபடி முளைக்கும். கையில் நசுக்கியபோது நலங்கு மாவின் மணம் வந்தது. அதில் சேர்க்கும் கோரைக்கிழங்கு இதுதான். பழைய மண்ணைச் சலித்து ஒரு பங்கு, செம்மண் இரண்டு பங்கு, மட்கிய சாணம் ஒரு பங்கு எனக் கலந்து, இரண்டு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்து நிரப்பி, மேலே வேப்பஞ்சருகை மூடாக்காகப் பரப்பினோம். இட்லிப்பூக்களைத் தொட்டிக்கு மாற்றிவிட்டோம். செம்பருத்திகளில் ஒன்று பட்டுப்போனது; மற்றதில் மாவுப்பூச்சி வந்தபோது, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து வாரமொரு முறை தெளித்தே காப்பாற்றினோம்.

மல்லித் தூரை வெட்டியெறிந்துவிடலாம் என்றே வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது. அக்டோபர் மழையில் அடித்தண்டிலிருந்து தளிர் வந்தது. நவம்பர் கடைசி வாரத்தில், சில நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, காய்ந்த குச்சிகளை நீக்கி, தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்து தொழுவுரம் வைத்தோம். மார்ச் மாதத்து ஒரு மாலையில் முதன்முதலாகப் பதினொரு மொட்டுகள் பறித்தபோது, அவற்றைச் சரமாகத் தொடுக்க மனமின்றி என் மனைவி ஒரு கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டு வாசல் திண்ணையிலேயே வைத்துவிட்டார்.

சுவரடியில் அரையடி அகலத்துக்கு மட்டும் இன்னும் எதுவும் சரியாக வருவதில்லை. பூச்சிலிருந்து சுண்ணாம்பு மழைதோறும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தை நித்தியகல்யாணிக்கு விட்டிருக்கிறோம். அது மட்டும் குறையின்றிப் பூக்கிறது.