பழைய பிஎஸ்2 வாங்கலாமா, எமுலேட்டரே போதுமா?

மெமரிகார்டு_8எம்பி:

வணக்கம். தெரிந்தவர் ஒருவர் வீடு மாறுகிறார், அவரிடம் ஒரு பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2 கேம் பெட்டி) இருக்கிறது. ஸ்லிம் இல்லை, பழைய குண்டு மாடல். இரண்டு கன்ட்ரோலர், ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிஸ்க், எல்லாம் சேர்த்து எடுத்துக்கொள் என்கிறார், விலையும் கட்டுப்படியாகிறது. ஆனால் என் கம்ப்யூட்டரில் பிஎஸ்2 கேம்களை ஓட்டும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் நன்றாகவே ஓடுகிறது, 4கே-வில் வைத்தால் அந்தக் காலத்தில் பார்த்ததைவிடப் படம் பளிச்சென்று இருக்கிறது. "காயலான் கடைக்குப் போக வேண்டியதை எதுக்கு வீட்டுக்குக் கொண்டு வர்ற" என்கிறான் தம்பி. எனக்கென்னவோ டிஸ்க் போட்டு ஆடினால்தான் ஆடிய மாதிரி இருக்கிறது. ஏக்கத்தைத் தவிர உருப்படியான காரணம் ஏதாவது உண்டா?

சதுரபட்டன்:

உண்டு, அந்தக் கன்ட்ரோலர்தான். டூயல்ஷாக் 2-வில் முக்கோணம், வட்டம், சதுரம் எல்லாமே எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதை உணரும். பிஎஸ்4 கன்ட்ரோலரிலும் இன்றைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரிலும் அந்தப் பட்டன்களுக்கு அது கிடையாது, அழுத்தினோம், அழுத்தவில்லை, அவ்வளவுதான். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் மெட்டல் கியர் சாலிட் 2-வில் சதுரத்தை அழுத்தித் துப்பாக்கியை நீட்டிவிட்டு, சுட மனமில்லை என்றால் விரலை மெதுவாக எடுத்துக் கீழே இறக்கலாம், சட்டென்று விட்டால் குண்டு பாய்ந்துவிடும். மூன்றாம் பாகத்தில் இன்னும் மோசம், எதிரியைப் பிடித்து வைத்திருக்கும்போது வட்டத்தைக் கொஞ்சம் பலமாக அழுத்திவிட்டால் நம் ஆள் அவன் கழுத்தை அறுத்துவிடுவான், விசாரிக்கத்தானே பிடித்தோம் என்று நாம் விழிக்க வேண்டியதுதான். அந்தப் பதற்றம் விளையாட்டை எழுதியவர்கள் வேண்டுமென்றே வைத்தது. படம் 4கே-வில் தெரிந்து என்ன பயன், கை பேசாவிட்டால்? வாங்குங்கள்.

ஐஎஸ்ஓ_ஆசாமி:

சதுரபட்டன் சொல்வதில் பாதி சரி. பிஎஸ்3-யின் கன்ட்ரோலருக்கும் அழுத்தத்தை உணரும் பட்டன்கள் உண்டு, அதற்கென்று இருக்கும் டிரைவரைப் போட்டால் பிசிஎஸ்எக்ஸ்2-விலும் அதே மாதிரி வேலை செய்யும்.

எனக்கு இந்த "ஒரிஜினல்" பேச்சிலேயே கொஞ்சம் சந்தேகம் உண்டு. நம் ஊரில் அன்றைக்கு ஓடியவற்றில் எத்தனை ஒரிஜினல்? நகல் டிஸ்க்கும் ஓடுவதற்கு சிப் போட்ட பெட்டி, பர்மா பஜாரில் பிளாஸ்டிக் கவரில் வாங்கிய டிஸ்க், இதுதானே பெரும்பாலும். அதற்கு முந்தைய தலைமுறை "டிவி கேம்" என்று ஊதி ஊதிக் கேசட் போட்டு ஆடியதும் நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்தான். அசலாக வந்த டிஸ்க்கும் பிஎஸ்2 காலத்தில் இங்கே பிஎஏல் என்ற டிவி முறைதான், திரை நொடிக்கு 60 முறைக்குப் பதில் 50 முறைதான் மாறும், அதாவது 50 ஹெர்ட்ஸ். பல கேம்களில் 60-க்கு மாற்றிக்கொள்ள வழி வைத்திருந்தார்கள், ஃபைனல் ஃபேன்டசி 10 மாதிரி சிலவற்றில் அதுவும் இல்லை, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு மெதுவாக ஓடும். எமுலேட்டரில் அமெரிக்கப் பதிப்பைப் போட்டால் அந்தத் தொல்லையே கிடையாது.

இன்னொன்று, 2023-ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் வெளிவந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் புதிதாக வாங்கக் கிடைக்காது. பிஎஸ்2 உற்பத்தியும் 2013-லேயே நின்றாயிற்று. லேசர் தளர்ந்துபோனால் டிஸ்க் சுற்றும், படிக்காது. அன்றைக்கு எமுலேட்டர்தான் கைகொடுக்கும்.

மெமரிகார்டு_8எம்பி:

50 ஹெர்ட்ஸ் விஷயம் தெரியாது, நன்றி. வாங்கினால் ஹாலில் இருக்கும் எல்இடி டிவியில் மாட்டலாம் என்று நினைத்தேன். சரியாக வருமா?

டப்பாடிவி:

வரும், ஆனால் ஏமாந்து போவீர்கள். பிஎஸ்2 பெரும்பாலும் 480ஐ, பிஎஏல் என்றால் 576ஐ அனுப்பும், அதாவது ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை. டப்பா டிவி அதை அப்படியே வரைந்துவிடும். புது டிவி இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்கித்தான் காட்டும், அதில் படமும் மங்கும், பட்டன் அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையில் தாமதமும் வரும். மஞ்சள் முனைக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு படத்தை மூன்று கம்பிகளில் பிரித்து அனுப்பும் கம்போனென்ட் கேபிள் வாங்குங்கள், டிவியில் கேம் மோடை ஆன் செய்யுங்கள், ஓரளவு தேறும். அந்த அட்டைப்பெட்டியில் டைம் கிரைசிஸ் மாதிரி சுடும் கேமுக்கான துப்பாக்கி ஏதாவது கிடந்தால் எல்இடி-யில் முயற்சி செய்யவே வேண்டாம். பழைய டிவியின் திரையில் ஓடும் ஒளிப்புள்ளி எந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் அது குறியைக் கண்டுபிடிக்கும், புதுத் திரையில் அப்படி ஒரு புள்ளியே ஓடாது.

டிஸ்க்குகளைத் திருப்பிப் பாருங்கள். கீழ்ப்பக்கம் வெள்ளி நிறமாக இருந்தால் பெரும்பாலும் அசல் டிவிடி. நீலமாக இருந்தாலும் பயப்படாதீர்கள், ஆரம்பகால கேம்கள் சில அப்படி நீல சிடி-யில் வந்தவை. ஊதா அடித்தால் யாரோ வீட்டில் எழுதிய நகல். இப்படி ஒரு நீலம், ஒரு வெள்ளி எடுத்து இரண்டையும் அவர் வீட்டிலேயே போட்டு ஓட்டிப் பாருங்கள், ஒன்றைப் படித்து மற்றதைப் படிக்காவிட்டால் லேசர் போகிற காலம் என்று அர்த்தம். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி கேட்டால் உள்ளே 2032 பேட்டரி தீர்ந்திருக்கும், அதற்காக விலை பேசலாமே தவிர வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அப்புறம், இது ஒன்றா மற்றதா என்று ஏன் சண்டை? அசல் டிஸ்க் இருந்தால் கம்ப்யூட்டரின் சாதாரண டிவிடி டிரைவிலேயே அதைப் படித்து ஐஎஸ்ஓ, அதாவது டிஸ்க்கின் முழு நகல் கோப்பு, எடுத்துவிடலாம். பிசிஎஸ்எக்ஸ்2-வுக்கு வேண்டிய பயாஸையும் (பிஎஸ்2-வைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) சொந்தப் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். எங்கிருந்தோ இறக்கிய கோப்பு என்ற உறுத்தல் இல்லை.

ஐஎஸ்ஓ_ஆசாமி:

இதை நான் ஒத்துக்கொள்கிறேன். கண்ட தளத்தில் இறக்குவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மெமரிகார்டு_8எம்பி:

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். அவர் வீட்டு மாடியில் 29 இன்ச் டப்பா டிவி ஒன்றும் சும்மா கிடக்கிறதாம், அதையும் கேட்டு வைத்திருக்கிறேன். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

டப்பாடிவி:

சொல்லிவிடுங்கள். 29 இன்ச்சைத் தனியாக மாடியிலிருந்து இறக்க முடியாது.